அனுப்பக்கூடாத வரிசைகள்: ஒளியிழையில் வருமுன் காக்கும் குறியீடு

வேலூர் லாங் பஜாரில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கும் கறுப்பு கேபிளுக்குள் இருப்பது 0.125 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி இழை. எங்கோ ஓர் அறையிலிருந்து கிளம்பும் ஒற்றை இழை, தெருவில் ஒரு ஸ்ப்ளிட்டரில் 32 ஆகவோ 64 ஆகவோ பிரிந்து, கடைக்குக் கடை ஒரு பெட்டியில் போய் முடிகிறது. நம் ஊர்களில் பரவலாகப் போடப்படும் ஜிபான் முறையில் கடையை நோக்கி விநாடிக்கு 248.8 கோடி பிட் வருகிறது. கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். கணக்குப் போட்டால், இழைக்குள் ஒரு பிட் பிடிக்கும் இடம் 8 செ.மீ. வெளிச்சம் 1, மங்கல் 0.

இந்த 8 செ.மீ. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லத் தனிக் கடிகாரக் கம்பி எதுவும் கூட வருவதில்லை. வெளிச்சம் மங்கலாகவும், மங்கல் வெளிச்சமாகவும் மாறும் விளிம்புகளைப் பார்த்துத்தான் பெறும் பக்கம் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. தொடர்ந்து 72 பிட் ஒரே மாதிரி வந்தால் ஏறக்குறைய 6 மீட்டர் நீளத்துக்கு, அதாவது இரண்டு மூன்று கடை முகப்பின் அகலத்துக்கு, விளிம்பே கிடையாது. ஜிபான் தரவிதி அந்த அளவுவரை தாங்கும்படி பெறுவியைச் செய்யச் சொல்கிறது. அதற்கு மேல் போனால் உத்தரவாதமில்லை. கடிகாரம் நழுவினால் ஒரு பிட் மட்டும் தவறாது, வரிசையே தவறும்.

பிழையைக் கையாள இரண்டு வழி உண்டு. வந்த பின் திருத்துவது ஒன்று. உபரி பிட்டுகளைச் சேர்த்தனுப்பி, மறுமுனையில் எது கெட்டது என்று கண்டுபிடிக்கும் பிழைதிருத்தக் குறியீடுகள் இந்த வகை. பிழையை உண்டாக்கும் வரிசைகளை அனுப்பாமலே இருப்பது மற்றொன்று. இதற்குக் கட்டுப்பாட்டுக் குறியாக்கம் என்று பெயர். முதல் வழிக்குப் புகழும் பாடப்புத்தகங்களும் ஏராளம். இரண்டாவது வழி பொறியியல் வகுப்பில் நான்கு அலைவடிவப் படங்களோடு முடிந்துவிடுகிறது. ஒளியிழையின் வரலாற்றில் இந்த இரண்டாவது வழி என்ன செய்திருக்கிறது, இனி என்ன செய்யக்கூடும் என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

அடிப்படைக் கணக்கு ஒளியிழைக்கு முந்தியது. கிளாட் ஷானன் 1948இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தொடக்கப் பகுதி இரைச்சலைப் பற்றியதே அல்ல. சில வரிசைகள் மட்டும் அனுமதிக்கப்பட்ட தந்தித் தடத்தில் எவ்வளவு செய்தி அனுப்பலாம் என்பதுதான் அங்கே கேள்வி. ஓர் எளிய விதியை எடுத்துக்கொள்வோம்: இரண்டு 1 அடுத்தடுத்து வரக்கூடாது. நான்கு பிட் நீளத்தில் இந்த விதிக்கு அடங்குபவை 0000, 1000, 0100, 0010, 0001, 1010, 1001, 0101 என எட்டு. எட்டு என்றால் 3 பிட் செய்தி. அப்படியானால் 3 பிட்டை 4 பிட்டாக மாற்றி அனுப்பிவிடலாமே என்று தோன்றும். ஆனால் 0001 போய் அடுத்து 1000 வந்தால் ஒட்டுமிடத்தில் 11 வந்துவிடுகிறது. இடையில் ஒரு 0 செருகினால் 3 பிட்டுக்கு 5 பிட் செலவு. இந்த விதியின் கீழ் ஒரு பிட் இடத்தில் அதிகபட்சம் 0.694 பிட் செய்திதான் போகும் என்று ஷானனின் கணக்கு அறுதியிடுகிறது. ஆகவே 0.75 என்றைக்கும் கிடைக்காது, 0.6 வீண் செலவு. மூன்றில் இரண்டு என்ற வீதத்தை எட்டலாம், ஆனால் முன்பு எதை அனுப்பினோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் குறியாக்கி வேண்டும். அத்தகைய குறியாக்கியை முறைப்படி கட்டும் வழியை ஐ.பி.எம்.மைச் சேர்ந்த ஆட்லர், காப்பர்ஸ்மித், ஹாஸ்னர் மூவரும் 1983இல் தந்தார்கள்.

அந்த 0.694 பொன்விகிதத்தின் மடக்கை. விதிக்கு அடங்கும் வரிசைகளை நீளம் கூட்டிக்கூட்டி எண்ணிப் பார்த்தால் 2, 3, 5, 8, 13 என்று போகும். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரை என்று கொண்டு, இத்தனை மாத்திரை அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று எண்ணிய யாப்பு நூலாசிரியர்களான விரகாங்கரும் 12ஆம் நூற்றாண்டின் ஹேமச்சந்திரரும் கண்டது இதே தொடர்தான். ஃபிபொனாச்சியின் நூல் 1202இல்தான் வந்தது. யாப்பு என்பதே எந்த அசைக்குப் பின் எது வரலாம் என்ற கட்டுப்பாடுதான் என்பதால் இதில் வியப்பில்லை. நம் மாணவருக்கு இந்தப் பாடத்தை இங்கிருந்து தொடங்கிக் கற்பித்தால் பாதி அச்சம் போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒளியோடு இந்தக் கணக்கு சேர்ந்த புகழ்பெற்ற இடம் ஒன்று இழை அல்ல, வட்டு. 1982இல் சந்தைக்கு வந்த சி.டி.யில் இரண்டு 1களுக்கு நடுவே குறைந்தது 2, அதிகபட்சம் 10 சுழிகள் என்பது விதி. பிலிப்ஸ் நிறுவனத்தின் கீஸ் இம்மிங்க் வடிவமைத்த குறியீடு 8 பிட்டை 14 ஆக்கி, மேலே சொன்ன ஒட்டுமிடச் சிக்கலுக்காக 3 பிட் சேர்த்து 17 ஆக எழுதியது. அடுத்த ஆண்டே ஐ.பி.எம்.மின் விட்மரும் ஃபிரானசெக்கும் இழைக்கான 8பி/10பி குறியீட்டை வெளியிட்டார்கள். இதில் ஒரே பிட் தொடர்ந்து ஐந்து முறைக்கு மேல் வராது. 1களும் 0களும் சரிசமமாக ஓடும். எட்டும் சுழியாக உள்ள ஒரு பைட்டைப் பாருங்கள். இழையில் அது 1001110100 என்றோ 0110001011 என்றோதான் போகும். இதுவரை போனதில் எது தூக்கலோ, அதைப் பார்த்து இரண்டில் ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். வெறும் சுழிகளே உள்ள கோப்பை அனுப்பினாலும் இழையில் ஒளி துடித்துக்கொண்டே இருக்கும். பெறுவியின் நடுமட்டம், அதாவது 1 எது 0 எது என்று பிரிக்கும் கோடு, மேலேயோ கீழேயோ ஒதுங்காது. அனுமதிக்கப்படாத 10 பிட் சொல் வந்தால் வழியில் ஏதோ கெட்டிருக்கிறது என்று உடனே தெரிந்தும்விடும்.

1998இன் கிகாபிட் ஈதர்நெட் இதையே எடுத்துக்கொண்டது. விலை 25 விழுக்காடு. 100 கோடி பிட் செய்திக்கு இழையில் 125 கோடி பிட் ஓட வேண்டும். 2002இல் 10 கிகாபிட் வந்தபோது இந்த விலை பெரும்பாலும் கட்டுப்படியாகவில்லை. அதனால் 64பி/66பி என்ற முறைக்குப் போனார்கள். 64 பிட்டை ஸ்கிராம்ப்ளரில் கலைத்துப்போட்டு, முன்னால் 01 அல்லது 10 என்று இரண்டு பிட் ஒட்டுவார்கள். 66 பிட்டுக்கு ஒருமுறையாவது விளிம்பு உறுதி, செலவு 3.125 விழுக்காடு. மற்றபடி நீண்ட ஓட்டம் வராது என்பதற்கு நிகழ்தகவுதான் பொறுப்பு. உறுதியான கட்டுப்பாட்டைக் கைவிட்டு, பெரும்பாலும் நடக்காது என்ற நம்பிக்கைக்கு மாறிய இடம் இதுதான்.

அந்த நம்பிக்கை ஏற்கெனவே ஒருமுறை பொய்த்திருந்தது. தொலைபேசி நிறுவனங்களின் சோனெட், எஸ்.டி.எச். வலையமைப்புகளில் 7 பிட் பதிவேட்டில் ஓடும் ஸ்கிராம்ப்ளர் இருந்தது. செய்தியோடு அது கலக்கும் வரிசை 127 பிட்டுக்கு ஒருமுறை திரும்பிவரும். பலருடைய குரல்கள் கலந்து போனவரை அது போதுமானதாக இருந்தது. இணையப் பொட்டலங்களை நேரடியாக அதில் ஏற்றத் தொடங்கியதும் ஓட்டை தெரிந்தது. பொட்டலத்துக்குள் என்ன இருக்கும் என்பதை அனுப்பும் ஆளே முடிவு செய்கிறார். அந்த 127 பிட் வரிசையையே அவர் உள்ளே வைத்தனுப்பினால் இரண்டும் அடிபட்டு, இழையில் நீண்ட சுழி ஓட்டம் போகும். கருவி இணைப்பே அறுந்ததாக நினைத்துக்கொள்ளும். ஒரு வாடிக்கையாளர் நினைத்தால் எல்லோருடைய இணைப்பையும் வீழ்த்தலாம் என்ற நிலை. 1999இல் வந்த ஆர்.எஃப்.சி. 2615 என்ற இணையத் தரவிதி இதற்காகவே 43 பிட் நீளமுள்ள இன்னொரு ஸ்கிராம்ப்ளரைச் சேர்த்தது. கட்டுப்பாட்டை நிகழ்தகவிடம் ஒப்படைக்கும்போது, எதிரே இருப்பது இயற்கையின் இரைச்சல் மட்டுமல்ல, கெட்ட எண்ணமுள்ள மனிதரும் இருக்கலாம் என்பதை வடிவமைப்பாளர்கள் அன்று கற்றார்கள்.

லாங் பஜாரின் ஜிபான் இழையிலும் இதே 7 பிட் ஸ்கிராம்ப்ளர்தான். 125 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை அது புதிதாகத் தொடங்கும். இரவில் கடைகள் அடைத்து அனுப்ப எதுவுமே இல்லாதபோதும் வெற்றுச் சட்டங்கள் வந்துகொண்டிருக்கும். முழுக்கச் சுழியான அவற்றின் தலைப்பு அப்படியே போனால் ஆபத்து என்று 40 பிட் நிலையான வடிவம் ஒன்றோடு கலந்தே அது அனுப்பப்படுகிறது. அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜி-பானில் ஸ்கிராம்ப்ளர் 58 பிட்டாக நீண்டது, அதன் தொடக்க நிலையும் சட்டத்துக்குச் சட்டம் மாறுகிறது.

கடையிலிருந்து திரும்பிப் போகும் திசை இன்னும் கடினம். ஒரே இழையை 32 பெட்டிகள் முறைவைத்துப் பகிர்கின்றன. ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது மட்டும் ஒரு வெடிப்பாக ஒளியை அனுப்பும். பக்கத்துக் கடையின் ஒளி பளிச்சென்று வரும், பல கி.மீ. தள்ளியிருக்கும் கடையின் ஒளி மங்கி வரும். மறுமுனைப் பெறுவி ஒவ்வொரு வெடிப்பின் தொடக்கத்திலும் சில பத்து பிட்டுகளுக்குள் மட்டத்தையும் கடிகாரத்தையும் பிடித்தாக வேண்டும். அதற்கென்றே முன்னால் 1010 என்று மாறிமாறி ஓடும் முகவுரை வைக்கிறார்கள். மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக் குறியீடு அதுதான். செய்தி எதுவும் இல்லை, முழுக்க விளிம்புகள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தெருவில் ‘லாஸ் லைட் சிவப்பா எரியுது’ என்று வரும் புகார்களுக்குக் குறியீடு மருந்தல்ல. லைன்மேன் பவர் மீட்டரைச் செருகிப் பார்ப்பது ஒளியின் ஆற்றலை, டி.பி.எம். கணக்கில். மைனஸ் 27 என்பது பெட்டியின் எல்லை, அதாவது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. ஸ்ப்ளிட்டர் மட்டுமே 15 டெசிபலுக்கு மேல் தின்றுவிடும். மீதியைத் தின்பவை ஷட்டரில் நசுங்கிய கேபிள், ஆணியில் சுற்றி மடித்த வளைவு, கனெக்டர் முனையில் படிந்த தூசி. இவை போதாதென்று வளைவில் கசியும் ஒளி அலைநீளம் கூடக்கூட அதிகமாகும். அதனால் 1310 நானோமீட்டரில் போகும் மேல்திசை பிழைத்துக்கொண்டு, 1490இல் வரும் கீழ்திசை சாகலாம். எந்தக் கணிதமும் இதைத் தீர்க்காது. எந்தப் பிழைக்கு எந்த மருந்து என்று பிரித்தறியாமல் எழுதப்படும் ஆய்வுகளைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பஜாரை விட்டு வெளியே போகும் இழைக்கு வருவோம். காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வழியாகச் சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் இருப்புப்பாதையை ஒட்டி ஒளியிழையும் போகிறது. ஆம்பூர் காலணி ஆலை ஐரோப்பாவுக்கு அனுப்பும் வடிவமைப்புக் கோப்பு ஒரு நெடுந்தொலைவு இழையைத் தொட்டு, கடலடி கேபிளையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். இந்தத் தூரங்களில் பிழையின் காரணமே வேறு.

சாதாரண இழையில், நிறத்துக்கு நிறம் ஒளியின் வேகம் மாறுவதால் வரும் நிறப்பிரிகை 1550 நானோமீட்டர் அருகே ஒரு நானோமீட்டருக்கு, ஒரு கி.மீ.க்கு 17 பிகோவிநாடி. விநாடிக்கு 4,000 கோடி பிட் அனுப்பினால் ஒரு பிட்டுக்கு 25 பிகோவிநாடிதான் இடம். அந்தத் துடிப்பின் நிற அகலம் சுமார் 0.3 நானோமீட்டர். ஆக 80 கி.மீ. போவதற்குள் அது 400 பிகோவிநாடி, அதாவது பதினாறு இடம் அளவுக்குப் பரவி, பக்கத்துத் துடிப்புகளின் மேல் ஏறிக்கொள்கிறது. பரவலை மட்டும் எதிர்ப்பிரிகை இழை வைத்து மறுபடி சுருக்கிவிடலாம். ஆனால் ஒளியின் செறிவு கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணையே லேசாக மாற்றும் கெர் விளைவால், ஒன்றன்மேல் ஒன்று கிடந்த நேரத்தில் துடிப்புகள் தமக்குள் கலந்துவிடுகின்றன. சுருக்கிய பிறகு பார்த்தால், ஒளியே இல்லாத இடத்தில் ஒரு சின்னத் துடிப்பு முளைத்திருக்கும். இதைப் பேய்த்துடிப்பு என்கிறார்கள். எசியம்ப்ரெ, மிக்கெல்சன், ரேபன் மூவரும் 1999இல் இந்த உள்தடக் கலப்பை விளக்கினார்கள்.

பேய் எங்கே முளைக்கும் என்பதற்கு எண்கணிதம் இருக்கிறது. மூன்று துடிப்புகளின் இட எண்களில் இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் வரும் இடத்தில் முளைக்கும். 1101 என்ற வரிசையில் துடிப்புகள் 1, 2, 4ஆம் இடங்களில் இருக்கின்றன. ஒன்றும் நான்கும் ஐந்து, இரண்டு போனால் மூன்று. மூன்றாம் இடம் 0. அங்கேதான் பேய் வரும். 11011 என்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்து வந்து இன்னும் வலுக்கும். ஆக எல்லாச் சுழிக்கும் ஒரே ஆபத்து இல்லை. சில வரிசைகளில் அகப்பட்ட சுழிதான் கெடுகிறது. அந்த வரிசைகளையே விலக்கினால் என்ன என்று கேட்டவர்கள் அரிசோனா பல்கலைக்கழகத்தின் பானே வாசிக், இவான் ஜோர்ஜெவிக் குழுவினர். 2004 தொடங்கி அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள், இழையின் இயற்பியலிலிருந்தே தடைப் பட்டியலைப் பெற்று, ஷானனின் முறைப்படி குறியீடு கட்டின. இந்தத் துறையில் எனக்கு மிகவும் அழகாகப் படும் வேலை அது. பெறுவியின் வசதிக்காக அல்லாமல், கண்ணாடியின் குணத்துக்காகவே எழுதப்பட்ட இலக்கணம்.

ஆனாலும் அது சந்தையில் நிலைக்கவில்லை. தடை கூடினால் வீதம் குறையும். அதே செய்தியை அனுப்ப இழையில் வேகத்தைக் கூட்ட வேண்டும், வேகம் கூடினால் துடிப்பு குறுகும், குறுகினால் பரவல் இன்னும் அதிகம். மறுபக்கம், 255 பைட்டில் 239 செய்தியாக வைக்கும் ரீட்-சாலமன் பிழைதிருத்தக் குறியீடு 7 விழுக்காட்டுக்கும் குறைந்த உபரியில் 6 டெசிபல் அளவுக்கு ஆதாயம் தந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்த துடிப்புகளில் ஒளியலையின் கட்டத்தை (phase) மாற்றியனுப்பும் பண்பேற்ற முறைகளும் பேயை வீதச் செலவு இல்லாமலே ஓரளவு அடக்கின.

இன்னொரு தடங்கல், எதை முதலில் செய்வது என்பது பற்றியது. முதலில் பிழைதிருத்தம், பிறகு கட்டுப்பாடு என்று அடுக்கினால், மறுமுனையில் கட்டுப்பாட்டைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டும். அப்போது இழையில் கெட்ட ஒரு பிட் பல பிட் பிழையாகப் பெருகும். பைட் பைட்டாகத் திருத்தும் ரீட்-சாலமனுக்கு இது பெரிய பாதகமில்லை. ஒவ்வொரு பிட்டுக்கும் எவ்வளவு நம்பகம் என்ற அளவை எதிர்பார்க்கும் எல்.டி.பி.சி. என்ற பிழைதிருத்தக் குறியீட்டுக்கோ கண்ணைக் கட்டிவிட்டதுபோல் ஆகும். காந்த வட்டுத் துறையினர் இதற்கு அடுக்கைத் தலைகீழாக்கினார்கள். முதலில் கட்டுப்பாடு, பிறகு செய்தியைக் கலைக்காமல் உபரி பிட்டுகளை மட்டும் சேர்க்கும் பிழைதிருத்தம்.

2008 வாக்கில் கோஹரண்ட் பெறுவிகள் வந்தன. ஒளியின் செறிவோடு கட்டத்தையும் அளந்து, ஆயிரக்கணக்கான கி.மீ. நிறப்பிரிகையைச் சிப்பிலேயே நேராக்கிவிடும் கருவிகள் இவை. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடி கேபிள் ஏறக்குறைய 2,300 கி.மீ. நீளம், சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே இரு முறை 200 கிகாபிட் என்ற அளவில் தொடங்கியது. இந்தத் தலைமுறையில் 1, 0 என்று ஒளியை ஏற்றி அணைப்பது இல்லை. வீச்சும் கட்டமும் சேர்ந்த பல புள்ளிகளில் ஒன்று அனுப்பப்படுகிறது. 1101ஐத் தடைசெய் என்ற பழைய விதிக்கு இங்கே பொருள் இல்லை. கட்டுப்பாட்டுக் குறியாக்கத்தின் கதை முடிந்தது என்று பலர் நினைத்தது நியாயமே.

கதை வேறு பெயரில் திரும்பியது. 2015இல் பெஷரர், ஸ்டைனர், ஷூல்ட்டெ முன்வைத்த நிகழ்தகவு வடிவமைப்பு முறையில், ஆற்றல் குறைந்த புள்ளிகள் அடிக்கடியும் ஆற்றல் மிகுந்தவை அரிதாகவும் வரும்படி பிட்டுகள் முதலில் மாற்றப்படுகின்றன. பிறகுதான் பிழைதிருத்தம். காந்த வட்டின் அதே தலைகீழ் அடுக்கு. எத்தனை முறை எந்தப் புள்ளி வரலாம் என்று தொகுதிக்குள் எண்ணிக்கையைக் கட்டிப்போடுவதும் ஒரு கட்டுப்பாடுதான். இதன் உச்ச ஆதாயம் 1.53 டெசிபல், ஏறக்குறைய 30 விழுக்காடு ஆற்றல் மிச்சம்.

இதிலிருந்து எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. கோட்பாட்டின்படி தொகுதி எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. இழையிலோ குறுகிய தொகுதிகள் சில சமயம் முந்தின. குறுகிய தொகுதிக்குள் ஆற்றலின் ஏற்ற இறக்கம் கட்டுக்குள் இருக்கும், அதனால் கெர் விளைவு எழுப்பும் இரைச்சலும் குறையும். எந்த வரிசை அனுப்பப்படுகிறது என்பது மறுபடி முக்கியமாகிவிட்டது. ஐந்தோவன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் அல்வராடோ குழுவினர் ஆற்றல் சிதறலை அளக்கும் குறியீட்டெண் ஒன்றை உருவாக்கினார்கள். இத்தாலியின் சிவெல்லி, ஃபொரெஸ்டியேரி, செகொண்டினி குழுவினர், பல வரிசைகளில் இழைக்கு ஏற்றதைத் தேர்ந்தனுப்பும் வழியை ஆராய்ந்தார்கள். அவர்களே 2023இல் இதன் எல்லையையும் காட்டினார்கள். பெறுவியில் வழக்கமாகவே இருக்கும் கட்டத் திருத்தச் சுற்று, இந்தக் குறுந்தொகுதி ஆதாயத்தின் பெரும்பகுதியைத் தானே கொடுத்துவிடுகிறது. அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காமல் அறிவிக்கப்படும் ஆதாயங்களை நான் நம்புவதில்லை.

கணிதப் பக்கத்தில் நம் மண்ணிலும் வேலை நடக்கிறது. இரைச்சலும் ஓட்டநீளக் கட்டுப்பாடும் சேர்ந்திருக்கும் தடத்தின் கொள்ளளவை அறுதியிடுவது, ஷானன் தனித்தனியே தீர்த்த இரண்டையும் ஒன்றாகக் கேட்கும் பழைய கேள்வி. இன்றும் முழு விடை இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராசின் ஆண்ட்ரூ தங்கராஜ் இதற்கு மேல்வரம்புகள் கண்டிருக்கிறார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நவீன் காஷ்யப்பும் அரவிந்த் ராமேஷ்வரும் ரீட்-முல்லர் என்ற பிழைதிருத்தக் குறியீட்டுக்குள்ளேயே கட்டுப்பாட்டுக்கு அடங்கும் சொற்களைத் தேடி, இரண்டு வேலையையும் ஒரே குறியீடு செய்யும் வழியை ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டு நிறுவனங்களுக்கும் நடுவே ஓடுகிறது, ஆம்பூர் வழியாகப் போகும் அந்த இருப்புப்பாதை இழை.

என் மதிப்பீட்டில், தெருமுனை இழைக்கு உறுதியான கட்டுப்பாடு தேவைப்படுவது வெடிப்பின் தொடக்கத்தில் மட்டும். மற்ற இடத்தில் நீண்ட ஸ்கிராம்ப்ளர் போதும், விலையும் மலிவு. நெடுந்தொலைவில் நிலைமை வேறு. பிழைதிருத்தக் குறியீடுகள் ஷானன் எல்லையை நெருங்கிவிட்டன, அங்கே இனிக் கிடைப்பது பத்தில் ஒரு டெசிபல்கள். மிச்சமிருக்கும் ஆதாயம் வருமுன் காப்பதில்தான் இருக்கிறது. ஆனால் அது ஆய்வகச் சுருளில் அளந்தால் ஒரு மாதிரியும், ஆண்டுக்கணக்கில் வெட்டி ஒட்டிய இணைப்புகளும் கோடை வெப்பமும் உள்ள மெய்யான இழையில் அளந்தால் வேறு மாதிரியும் இருக்கும். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே போட்டுக் கிடக்கும் இழையில் ஒரு ஜோடியை ஆய்வுக்கென்று ஒதுக்கி, கட்டத் திருத்தச் சுற்று இயங்கும்போதே குறுந்தொகுதியையும் நெடுந்தொகுதியையும் மாற்றிமாற்றி ஓட்டிப் பார்க்கலாம். காட்பாடியில் பொறியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, இரு முனையிலும் கணிதம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.